கே என்றால் கீரிமலை

தொலைபேசியில் ஆங்கில எழுத்துச் சொல்வது எவ்வளவு வில்லங்கமான வேலை என்பது செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பீ, சீ, டீ, ஈ, வீ எல்லாம் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். சத்தத்தை வைத்து ஆளை ஆள் பிரித்தறிய முடியாது. கந்தோரில் சேர்ந்த முதல் வருடம் முழுவதும் டீயோ பீயோ என்று கேட்டே எனக்குத் தொண்டை வறண்டது.

எங்கள் கந்தோர் யாழ்ப்பாண நகரில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. அச்சகங்களுக்காகத் தமிழில் பக்கம் அமைக்கிற மென்பொருள் ஒன்றை எங்கள் முதலாளி எழுதி விற்கிறார். அவரை நாங்கள் சேர் என்போம். கலியாணக் காட், திருவிழா நோட்டீஸ், மரண அறிவித்தல் எல்லாம் அதில் செய்யலாம். ஒருவர் காலமாகி முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து வீட்டுக்கு வருகிற சனத்துக்குக் கொடுக்கிற நினைவுப் புத்தகத்தை இங்கே கல்வெட்டு என்பார்கள். அச்சகக்காரர்கள் எங்கள் மென்பொருளை வாங்குவதே பெரும்பாலும் அந்தக் கல்வெட்டுக்காகத்தான்.

வாங்குகிறவருக்கு இருபது எழுத்தில் ஒரு திறப்பு, அதாவது சாவி போல ஒரு குறி, கொடுப்போம். ஒரு திறப்பு ஒரு கணினிக்கு மட்டும். அதைப் போட்டால் மென்பொருளுக்கு உயிர் வரும். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் அது எங்கள் சேவர் கணினியைக் கேட்டுத் தன் உரிமம் செல்லுமா என்று சரிபார்த்துக்கொள்ளும். கணினியை மாற்றுகிறவர் பழையதில் இருப்பதைக் கழற்றிவிட்டுப் புதியதில் போட வேண்டும். திறப்புக் கொடுப்பது, செல்லாவிட்டால் ஏன் என்று பார்ப்பது, கழற்றுவது, இவைதான் என் வேலை. காதில் போனும் கையில் பேனையுமாக நாள் போய்விடும்.

ஊர்ப்பெயர் முறையைக் கண்டுபிடித்தவள் நான். ஒருநாள் சங்கானையிலிருந்து எடுத்த ஒருவர் நான்கு தரம் பிழையாகத் திறப்பைப் போட்டுவிட்டு என்மீதே சீறினார். எனக்கும் கோபம் வந்தது. “கே, கீரிமலைக் கே! ரீ, தெல்லிப்பழை ரீ!” என்று கத்தினேன். ஆங்கில T எங்கள் வாயில் ரீ. பிறகு அந்த மனிதர் ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதி முடித்தார். அன்று பின்னேரமே ஒரு கடதாசியில் பட்டியல் எழுதி மேசையில் ஒட்டினேன். வீக்கு வல்வெட்டித்துறை, எம்முக்கு மானிப்பாய், என்னுக்கு நல்லூர், ஜீக்கு, ஆங்கிலத்தில் ஜீ போட்டு எழுதுகிற குருநகர். டீக்கு நெடுந்தீவின் இன்னொரு பெயரான டெல்ஃப்ட். இசட்டுக்கு மட்டும் ஊர் அகப்படவில்லை. கடைசி எழுத்து என்று சொல்லி விட்டுவிடுவேன். அந்தப் பட்டியலில் எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது. கொஞ்சம் என்று சொல்வது பொய், நிறையவே இருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் அவள் வந்து சேர்ந்தாள்.

வல்வெட்டித்துறையில் கடற்தொழில் செய்கிற வீட்டுப் பெண். என்னைவிட எட்டு வயது இளையவள். ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவதாகச் சேர் சொல்லியிருந்தார். கடற்காற்றுக்கு மேலால் கதைத்துப் பழகிய குரல் அவளுக்கு. போன் இல்லாமலே தெல்லிப்பழைக்குக் கேட்கும் என்று நான் மற்றவர்களிடம் நையாண்டி செய்வேன். முதல் கிழமை என் பக்கத்தில் கதிரையைப் போட்டு நான் கதைப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டாம் கிழமை கீரிமலையும் மானிப்பாயும் அவள் வாயிலிருந்து வரத் தொடங்கின. அதோடு தன் பங்குக்கு ஒரு வரியும் சேர்த்துக்கொண்டாள். “ஐயா, இப்ப ஊர்ப்பேர் சொல்லப்போறன், முதலெழுத்தைப் பிடியுங்கோ.” சின்னப் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லிக்கொடுப்பது போல ஒவ்வொருவருக்கும் அதைச் சொல்வாள். எனக்கு அந்த வரியைக் கேட்டாலே பல்லுக் கூசும்.

ஓர் அழைப்பை நான் மூன்று நிமிடத்தில் முடிப்பேன். அவள் பத்து நிமிடம் கதைப்பாள். மகளுக்குச் சோதனை எப்படி, கிணறு இறைத்தாயிற்றா, போன கிழமை சொன்ன இருமல் நின்றதா என்று எல்லாம் விசாரித்த பிறகுதான் திறப்புக்கு வருவாள். இவளுடைய கதையைக் கேட்கச் சனத்துக்கு நேரம் எங்கே என்று நினைத்தேன். சனத்துக்கு நேரம் நிறைய இருந்தது. கொஞ்ச நாளில் போனை எடுத்தால் முதற் கேள்வியே “ஊர்ப்பேர் சொல்லுற பிள்ளை இருக்கிறாவோ?” என்றாகிவிட்டது. ஒருவரிடம் நான், நானும் ஊர்ப்பெயர் சொல்லுகிறவள்தான் என்றேன். அவர் இரக்கத்தோடு, “இல்லைப் பிள்ளை, நீர் மற்றப் பிள்ளை. அவவைத் தாரும்” என்றார்.

மற்றப் பிள்ளை. ஆறு வருடம் அந்தக் கதிரையில் இருந்த எனக்குக் கிடைத்த பெயர் அதுதான். அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் பஸ்ஸில் அந்த இரண்டு சொல்லும் என் பக்கத்து இருக்கையில் குந்திக்கொண்டு கூடவே வந்தன.

ஒரு வாடிக்கையாளர் நகருக்கு வந்தபோது அவளுக்கென்று கறுத்தக்கொழும்பான் மாம்பழம் ஒரு பை கொண்டுவந்து கொடுத்தார். அவள் எல்லோருக்கும் வெட்டிக் கொடுத்தாள், எனக்கு முதலில். தேன் போல இருந்தது. புளிக்கிறது என்று சொன்னேன். பொறாமை என்றால் என்னவென்று யாரும் என்னைக் கேட்டால் அந்த மாம்பழத்தைத்தான் சொல்லுவேன். வாய்க்குள் இனிப்பு இருக்கும்போதே வயிறு எரிந்தது.

மாதக் கூட்டத்தில் அது இன்னும் முற்றியது. ஊர்ப்பெயர் சொல்லும் முறை வந்த பிறகு பிழையாகத் திறப்புப் போடுகிற கரைச்சல் நன்றாகக் குறைந்துவிட்டது என்று சேர் சொன்னார். சொல்லும்போது அவளைப் பார்த்துச் சிரித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். அவள் எதையோ சொல்ல வாயைத் திறந்தாள், அதற்குள் சேர் அடுத்த விடயத்துக்குப் போய்விட்டார். பார், அடக்கமாக இருப்பதுபோல ஒரு நடிப்பு, என்று நினைத்தேன். அது என்னுடையது என்று அந்த இடத்திலேயே எழும்பிச் சொல்லியிருக்கலாம். ரோசம் விடவில்லை. கேட்டு வாங்குகிற பாராட்டு எனக்கு வேண்டாம் என்று முறுக்கிக்கொண்டு இருந்தேன். வேண்டும் என்றுதான் உள்ளுக்குள் துடித்தேன்.

தெல்லிப்பழைப் பக்கத்து அச்சகக்காரரின் விடயம் அவளுடைய ஆறாவது மாதத்தில் நடந்தது. அவர் எங்கள் பழைய வாடிக்கையாளர். புதிதாகக் கணினி வாங்கியிருந்தார். மாறுகிற நேரத்தில் வேலை தடைப்படாமல் இருக்க இரண்டு நாளைக்கு மட்டும் பழையதும் புதியதும் ஒன்றாக இயங்க விடுவோம். அவள் புதியதில் திறப்பைப் போட்டுக் கொடுத்து, நாளைக்குப் பழையதைக் கழற்றலாம் என்று சொல்லியிருந்தாள்.

மறுநாள் மத்தியானம் அவள் சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவப் போயிருந்தாள். போன் அடித்தது. நான் எடுத்தேன். மறுமுனையில் அச்சு இயந்திரம் தடதடத்துக்கொண்டிருந்தது. சத்தத்துக்கு மேலால் அவர், “ஊர்ப்பேர் சொல்லுற பிள்ளையோ கதைக்கிறது?” என்றார்.

வழக்கமாக இல்லை, அவவைக் கூப்பிடுகிறேன் என்பேன். அன்றைக்கு என் வாய், “ஓம்” என்றது.

அது பொய்யா? பட்டியலை எழுதியவள் நான். என் மேசையில்தான் அது ஒட்டியிருக்கிறது. ஊர்ப்பெயர் சொல்லுகிற பிள்ளை யார் என்று கேட்டால் உண்மையான பதில் நான்தான். ஆறு மாதத்தில் முதல் தடவையாக எனக்கு என் சொத்து திரும்பக் கிடைத்தது போல இருந்தது. அவருடைய குரலும் உடனே குழைந்துவிட்டது. அலுவல் எல்லாம் தலைக்கு மேலே, நாளைக்கு ஒரு அம்மாவுடைய அந்தியேட்டி, கல்வெட்டு புதுக் கணினியில் பாதியில் நிற்கிறது, என்று வீட்டு ஆளிடம் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு, “நேத்துக் கதைச்ச மாதிரி உதைக் கழட்டிவிடு பிள்ளை” என்றார்.

என் திரையில் அவர் பெயருக்குக் கீழே இரண்டு வரிகள் இருந்தன. இரண்டு கணினிகளின் அடையாளக் குறிகள். அவர் உது என்று சுட்டிய அது இவற்றில் எது? வேறு யாராக இருந்தாலும் பழையதன் குறியை வாசியுங்கள் என்று கேட்டிருப்பேன். ஆனால் நேற்று அவரோடு கதைத்தவள் அதைக் கேட்கத் தேவையில்லை. கேட்டால் நான் அவள் இல்லை என்று பிடிபட்டுவிடும். ஆகவே மேல் வரியில் இருந்த குறியை நானே வாசித்தேன். ஊர்ப்பேர் சொல்லப்போறன், எழுத்தைப் பிடியுங்கோ என்ற அவளுடைய வரியை மாத்திரம் வேண்டுமென்றே விட்டேன். அவளுடைய சொல் எனக்கு எதற்கு?

“கீரிமலை, தெல்லிப்பழை, மானிப்பாய், ஏழு, நல்லூர், வல்வெட்டித்துறை. சரியோ ஐயா?”

“ஓம் பிள்ளை, ஓம்” என்றார். “கீரிமலையிலைதான். நாளைக்குக் காலமை. நீ சொன்னமாதிரி எல்லா ஊரிலையும் இருந்து சனம் வரும்.”

அந்தியேட்டிக் கிரியைகளைக் கீரிமலைக் கடற்கரையில் செய்வது இங்கே வழக்கம். எழுத்துச் சொல்லப்போகிறேன் என்று முன்கூட்டிச் சொல்லாததால், நான் நாளைய காரியத்தைப் பற்றி விசாரிக்கிறேன் என்று அவர் நினைத்துவிட்டார். குறியை அவர் ஒத்துப் பார்க்கவே இல்லை. எங்கள் ஊரில் ஓம் பல வகை. சம்மதித்துச் சொல்கிற ஓம் இருக்கிறது. கேட்கிறேன், சொல்லு என்கிற ஓம் இருக்கிறது. அலுவலுக்குள் ஆளைக் கழித்துவிடுகிற ஓமும் இருக்கிறது. அவர் சொன்னது என்ன ஓம் என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது.

இரண்டாம் தரம் கேட்க வேண்டும் என்பது எங்கள் கந்தோர் விதி. அந்த நேரம் கழுவுகிற இடத்திலிருந்து அவள் யாருடனோ சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் மேல் வரியைக் கழற்றினேன்.

தெரியாமல் செய்தேன் என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். மேல் வரி எந்தக் கணினி என்று எனக்குத் தெரியாது, அது உண்மை. தெரிந்துகொள்ள நான் விரும்பவில்லை, அதுவும் உண்மை. பிழையாய்ப் போனால் போகட்டும், ஊர்ப்பேர் சொல்லுற பிள்ளையைக் கொண்டாடினவர்கள் ஒருநாள் அவளைத் திட்டவும் வேண்டும் என்று என் மனதின் ஒரு மூலை கணக்குப் போட்டுவிட்டது.

அது பிழையாய்த்தான் போனது. கால் மணித்தியாலத்தில் அவர் திரும்ப எடுத்தார். இந்த முறை போனை எடுத்தது அவள். கழற்றப்பட்டது புதுக் கணினி. கழற்றிய கணினியில் ஏழு நாளைக்கு எந்தத் திறப்பையும் போட முடியாது. ஒரே திறப்பை மாற்றி மாற்றிப் பல கணினிகளில் போட்டு ஏமாற்றுகிறவர்களுக்காகச் சேர் வைத்த பூட்டு அது. அதைத் தளர்த்த ஒரு வழியும் அவர் வைக்கவில்லை. பாதியில் நின்ற கல்வெட்டுப் பக்கங்களும் அந்தக் கணினியின் உரிமத்தோடு கட்டுண்டு இருந்தன; பழைய கணினிக்குக் கொண்டுபோனால் திறக்காது. முதலிலிருந்து அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அவள் சேரிடம் சொல்லிக்கொண்டு அப்போதே தெல்லிப்பழைக்குப் பஸ் ஏறினாள். போகும்போது அவளுக்கு நான் தண்ணீர்ப் போத்தல் ஒன்று எடுத்துக் கொடுத்து, பாவம், கவனமாய்ப் போய் வா என்றேன். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுதது என்பார்களே, அந்த ஓநாயை நான் அன்று என் குரலிலேயே கேட்டேன். பொழுதுபடும்வரை அந்த அச்சகத்தில் இருந்து தேவாரம், குடும்ப வரலாறு, பிள்ளைகளின் புலம்பல் எல்லாவற்றையும் அவள் திரும்ப அடித்துக் கொடுத்தாள். அப்படியும் அச்சாகிக் கட்டி முடியவில்லை. மறுநாள் கீரிமலையில் காரியம் முடிந்து வீட்டில் சாப்பிட்ட சனம் கல்வெட்டு இல்லாமலே திரும்பியது. வெளிநாட்டிலிருந்து வந்திருந்த மகன் தாயுடைய கல்வெட்டைக் கண்ணால் காணாமல் விமானம் ஏறினார்.

திங்கட்கிழமை அச்சகக்காரர் சேரோடு நேரில் கதைத்தார். கோபித்துக்கூடக் கதைக்கவில்லையாம். நல்ல பிள்ளைதான், ஆனால் கழற்றியது அந்த ஊர்ப்பெயர் சொல்லுகிற பிள்ளைதான், நான் கேட்டேன், அவவே ஓம் என்றவ, என்றாராம். எங்கள் இருவருக்கும் சேவரில் ஒரே கணக்குத்தான் இருந்தது. யார் கழற்றினார்கள் என்று அதில் பதிவதில்லை. சேர் எங்கள் இருவரையும் அறைக்குள் கூப்பிட்டார். அவள், “அவர் பொய் சொல்லமாட்டார் சேர். அண்டைக்கு அவரோடை மூண்டு தரம் கதைச்சனான். அவசரத்திலை மாறிக் கழட்டியிருப்பன்” என்றாள்.

தான் செய்யாததை அவள் தன் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த முறை என்னுடையது என்று ஊரறியச் சொல்ல மாதக்கணக்காகத் துடித்த வாய் இது. அன்றைக்கு அதைச் சொன்னால் அகப்பட்டுவிடுவேன். சேர் மேசையில் இருந்த அவளுடைய நிரந்தர நியமனக் கடிதத்தை எடுத்து, லாச்சியை இழுத்து அதற்குள் வைத்தார். இந்த மாதத்தோடு நிற்பது நல்லது என்றார். அவள் தலையாட்டினாள்.

வெளியே வந்து அவள் தன் மேசையில் இருந்த சாமான்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைக்கத் தொடங்கினாள். மாத முடிவுக்கு இன்னும் நாள் இருந்தது, ஆனாலும் வைத்தாள். பிறகு என் மேசைக்கு வந்து, ஓரம் கிழிந்திருந்த அந்தப் பட்டியலைத் தடவி ஒட்டிவிட்டுச் சொன்னாள்.

“அக்கா, உங்கடை முறையை நான் கெடுத்துப்போட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ. உது அக்கான்ரை எண்டு சேந்த கிழமையே சேரிட்டைச் சொன்னனான். அண்டைக்குக் கூட்டத்திலையும் சொல்ல வெளிக்கிட்டன், அவர் வேறை கதைக்குப் போட்டார்.”

அதைக் கேட்டதும் என் மனம் உருகியது என்று எழுத ஆசைதான். முதலில் வந்தது பொறாமைதான். என்னிடம் இல்லாத இந்த மனம் இவளுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது என்ற எரிச்சல். அதற்குப் பிறகுதான் வெட்கம் வந்தது. வந்த பிறகு கதிரையில் இருக்க முடியவில்லை.

சேரின் அறைக்குப் போனேன். அன்று அச்சகக்காரரோடு கதைத்தது நான் என்று சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை.

“அவர் ஊர்ப்பேர் சொல்லுற பிள்ளையெண்டெல்லோ சொன்னவர்?”

“ஓம் சேர். அது நான்தான்.”

எத்தனை மாதமாகச் சொல்லக் காத்திருந்த வசனம். கூட்டத்தில், எல்லோர் முன்னாலும், தலையை நிமிர்த்தி அதைச் சொல்வதாக எத்தனை தரம் நினைத்துப் பார்த்திருப்பேன். அன்றைக்கு அது குற்றவாளியின் ஒப்புதலாகத்தான் வெளியே வந்தது. கீரிமலையையும் அந்த ஓமையும், நான் இரண்டாம் தரம் கேட்காமல் விட்டதையும் ஒளிக்காமல் சொன்னேன். சேர் லாச்சியைத் திறந்து அவளுடைய நியமனக் கடிதத்தை எடுத்துத் திரும்ப மேசையில் வைத்தார். என் விடயத்தைப் பிறகு பார்ப்போம் என்றார். மேசைப் போனை என் பக்கம் தள்ளினார். “எனக்குச் சொல்லிப் பிரயோசனமில்லை. அவருக்குச் சொல்லும்.”

இலக்கத்தை அழுத்தினேன். அறைக் கண்ணாடிக்கு வெளியே அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். அச்சு இயந்திரத்தின் தடதடப்புக் கேட்டது, பிறகு அவருடைய குரல். கந்தோர் இலக்கத்தை அடையாளம் கண்டிருக்க வேண்டும். நடந்தது எல்லாவற்றுக்கும் பிறகும் அந்தக் குரலில் அவளுக்கென்று ஒரு வாஞ்சை இருந்தது.

“ஆர், ஊர்ப்பேர் சொல்லுற பிள்ளையோ?”

“இல்லை ஐயா” என்றேன். “நான் மற்றப் பிள்ளை.”